இருமலை வென்ற இருவர்

கக்குவான்! முந்தைய தலைமுறைத் தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பெயரைச் சொல்லும்போதே அவர்கள் குரல் தாழ்ந்துவிடும். முதலிலே வெறும் சளி, மூக்கொழுகும், இலேசாக உடல் சுடும். வாரம் ஒன்று கழியும். பிறகு இருமல் பிடித்துக்கொள்ளும். ஒரே மூச்சிலே பத்து முறை, பதினைந்து முறை இருமி, உள்ளிருக்கும் காற்றெல்லாம் வெளியேறி, முகம் சிவந்து, உதடு நீலம் பாரித்து, விழி பிதுங்கி, கடைசியிலே குழந்தை மூச்சை உள்ளே இழுக்கும்போது 'ஊப்' என்றோர் ஒலி எழும். வாந்தி வரும். வந்தது ஓய்ந்தது என்று தாய் பெருமூச்சு விடுவதற்குள் அடுத்த இருமல் வந்து நிற்கும். பால்குடி மறவாத பச்சிளங் குழந்தைக்கோ அந்த ஒலிகூட எழாது; இருமவும் வலுவின்றி, ஓசையே இன்றி மூச்சு நின்றுபோகும். சீனத்திலும் ஜப்பானிலும் இந்நோய்க்கு 'நூறு நாள் இருமல்' என்று பெயர். நூறு நாட்கள் பெற்றவள் கண்மூடாமல் காத்திருக்க வேண்டும். காத்திருந்தும் பல வீடுகளிலே தொட்டில் வெறுமையாயிற்று!

இந்த நோய் வந்தபோது மக்கள் என்ன செய்தனர்? நம் நாட்டிலே கழுத்திலே தாயத்துக் கட்டினர். மந்திரித்து வேப்பிலை அடித்தனர். கழுதைப்பாலைத் தேடிப் பிடித்துச் சங்கிலே ஊற்றினர். இதைக் கேட்டு மேல்நாட்டார் நகைக்கத் தேவையில்லை. இங்கிலாந்து நாட்டுக் கிராமங்களிலே கக்குவான் கண்ட குழந்தையைக் கழுதையின் வயிற்றுக்குக் கீழே நுழைத்து மறுபுறம் வாங்கினால் நோய் நீங்கிவிடும் என்று நம்பினர்! வறுத்த எலியைத் தின்னக் கொடுத்தால் இருமல் ஓடிவிடும் என்றும் நம்பினர்! இங்கே கழுதையின் பால். அங்கே கழுதையின் வயிறு! கடல் பல கடந்தும் கழுதை மட்டும் மாறவில்லை. அறிவு எந்த இனத்துக்கும் பிறப்புரிமை அன்று. மடமையும் எந்த இனத்துக்கும் பிறவிக் குணம் அன்று. அறிவை நாடியவர் பெற்றனர்; நாடாதவர் கழுதையைத் தேடினர்!

ஒரு கேள்வி எழுகிறது. இத்தகைய நம்பிக்கைகள் பல நூற்றாண்டுகள் எப்படி உயிர் வாழ்ந்தன? பலன் இல்லாத ஒன்றை மக்கள் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டனர்? விடை எளிது. கக்குவான் கண்ட குழந்தைகளிலே பெரும்பாலோர் பல வாரம் துன்புற்றுத் தாமாகவே தேறிவிடுவர், சிலரே மாள்வர். தேறிய குழந்தையைக் காட்டி, "தாயத்தின் மகிமை" என்றனர். மாண்ட குழந்தையைக் காட்டி, "தலைவிதி" என்றனர். பிழைத்தாலும் பூசாரிக்கு வெற்றி. இறந்தாலும் பூசாரிக்குத் தோல்வி இல்லை! இப்படி ஒரு கணக்கு உலகிலே வேறெங்கேனும் உண்டா? தாயத்துக் கட்டிய குழந்தைகள் நூறு பேர், கட்டாத குழந்தைகள் நூறு பேர், இரு சாராரிலும் பிழைத்தோர் எத்தனை, மாண்டோர் எத்தனை என்று எவரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? எண்ணியிருந்தால் தாயத்து அன்றே அறுந்திருக்கும்.

எண்ணிப் பார்த்தவர்களின் வரலாறுதான் இது. இரண்டு பெண்கள் எண்ணினர். அவர்கள் எண்ணியதால் உலகெங்கும் இலட்சக்கணக்கான குழந்தைகள் பிழைத்தனர். ஆயினும் அவர்கள் பெயரை நம்மிலே எத்தனை பேர் அறிவோம்?

* * *

கக்குவான் புதிய நோய் அன்று. 1578ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்துக் குழந்தைகளை இந்நோய் வாட்டியதைக் கியோம் த பாயூ என்னும் பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்தார். அதற்குப் பின் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவர்கள் நோயைப் பார்த்தார்களே தவிர, அதன் காரணத்தைப் பார்க்கவில்லை. 1906ஆம் ஆண்டிலே பெல்ஜிய நாட்டு அறிஞர்கள் ஜூல்ஸ் போர்டேயும் ஆக்டேவ் ஜெங்கூவும் உருளைக்கிழங்கு, கிளிசரின், இரத்தம் ஆகியவை சேர்ந்த ஒரு கலவையிலே அந்த நுண்கிருமியை வளர்த்துக் காட்டினர். தெய்வத்தின் சீற்றமும் அன்று, தீயோரின் கண்ணேறும் அன்று. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி! அது மூச்சுக்குழாயின் உட்சுவரிலே ஒட்டிக்கொள்கிறது. அங்கே அழுக்கையும் சளியையும் மேலே தள்ளி வெளியேற்றும் மெல்லிய இழைகள் உண்டு. தன் நஞ்சினால் அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. சளி தேங்குகிறது, தேங்கிய சளியை வெளியேற்ற உடல் படும் பாடே அந்த ஓயாத இருமல்.

கிருமி கிடைத்ததும் வணிகர் விழித்துக்கொண்டனர். கிருமியைக் கொன்று ஊசி வழியே செலுத்தினால் உடல் எதிர்ப்பாற்றல் பெறும் என்ற கருத்து அப்போதே இருந்தது. கருத்து சரியானதுதான், ஆனால் கருத்து வேறு, சான்று வேறு. எந்தக் கிருமி வகை, எவ்வளவு, எத்தனை முறை என்ற அளவுகோல் எதுவுமின்றி, அமெரிக்கச் சந்தையிலே கக்குவான் தடுப்பூசிகள் பல விற்கப்பட்டன. 1931ஆம் ஆண்டிலே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மருந்துக் குழு அவற்றை ஆராய்ந்து, இவை பயன் தருகின்றன என்பதற்குச் சான்று இல்லை என்று ஏற்க மறுத்தது.

தோழர்களே, இந்த இடத்திலே சற்று நில்லுங்கள். தாயத்தைத் தள்ளுவதோடு பகுத்தறிவின் கடமை முடிந்துவிடுவதில்லை. ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது என்பதற்காக ஒன்றை ஏற்றுக்கொள்வதும் பகுத்தறிவாகாது. மெய்ப்பிக்கப்படாத மருந்து, கண்ணாடிக் குப்பியிலே அடைக்கப்பட்ட தாயத்துதான்! பூசாரியைக் கேட்ட அதே கேள்வியை மருந்து விற்பவனையும் கேட்க வேண்டும்: "எங்கே சான்று?" அந்தக் கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டவர்கள்தாம் நாம் பேசவிருக்கும் இருவர்.

* * *

பெர்ல் கெண்ட்ரிக் 1890ஆம் ஆண்டிலே பிறந்தவர். மூன்று வயதிலே கக்குவான் நோயிலே விழுந்து எழுந்தவர். கிரேஸ் எல்டரிங் 1900ஆம் ஆண்டிலே மாண்டானா மாநிலத்துப் பண்ணை ஒன்றிலே பிறந்தவர். அவரும் ஐந்து வயதிலே அதே நோயின் கொடுமையை அனுபவித்தவர். இருவரும் முதலிலே பள்ளி ஆசிரியைகளாகப் பணியாற்றினர். அந்நாளிலே படித்த பெண்ணுக்குத் திறந்திருந்த கதவு அது ஒன்றுதான். அமெரிக்க நாடு முழுவதிலும் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததே 1920ஆம் ஆண்டிலேதான் என்பதை நினைவிலே கொள்ளுங்கள். மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் ஆடவரின் கோட்டைகளாக இருந்தன. ஆனால் மாநிலச் சுகாதாரத் துறைகளின் ஆய்வுக்கூடங்களிலே, ஊதியம் குறைவு, வேலை மிகுதி, புகழ் இல்லை என்ற காரணத்தால், பெண்களுக்கு இடம் கிடைத்தது. அந்த இடுக்கு வழியே நுழைந்து இவர்கள் வரலாற்றையே திறந்துவிட்டனர்.

மிச்சிகன் மாநிலச் சுகாதாரத் துறையின் கிளை ஆய்வுக்கூடம் ஒன்று கிராண்ட் ராப்பிட்ஸ் நகரிலே 1926ஆம் ஆண்டு திறக்கப்பட்டது; அதன் தலைமைப் பொறுப்பு கெண்ட்ரிக்கிடம் வந்தது. எல்டரிங் 1928ஆம் ஆண்டிலே மிச்சிகன் துறைக்கு ஊதியமற்ற தொண்டராக வந்து சேர்ந்து, பின்னர் கெண்ட்ரிக்கோடு இணைந்தார். அவர்களுடைய அன்றாட அலுவல் என்ன? ஊர்க் குடிநீரையும் பாலையும் சோதிப்பது. மருத்துவர்கள் அனுப்பும் சளியையும் இரத்தத்தையும் ஆராய்வது. கக்குவான் ஆராய்ச்சி அவர்களுக்கு இடப்பட்ட பணி அன்று. அதிலே ஈடுபட அனுமதி கேட்டபோது, அது உங்களுக்குப் பொழுதுபோக்காக இருக்குமானால் செய்துகொள்ளுங்கள் என்ற பாணியிலே மேலதிகாரி இசைந்தார். ஆண்டுதோறும் அமெரிக்காவிலே 6,000 அளவிலே குழந்தைகளைக் கொன்ற நோயின் மீது தொடுக்கப்பட்ட போர், அலுவல் முடிந்த பின் செய்யும் 'பொழுதுபோக்காக' 1932ஆம் ஆண்டிலே தொடங்கிற்று!

* * *

அந்த ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்பதை எண்ணிப் பாருங்கள். பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டிய காலம். கிராண்ட் ராப்பிட்ஸ், மேசையும் நாற்காலியும் கட்டிலும் செய்து நாடெங்கும் அனுப்பிய தொழில் நகரம். வேலையின்மை அங்கே வீடுதோறும் புகுந்தது. அந்தத் தொழிலாளர் குடியிருப்புகளுக்குள்ளே, பகலெல்லாம் ஆய்வுக்கூடத்திலே உழைத்த இப்பெண்கள் மாலையிலே நடந்தனர். கையிலே மூடியிட்ட கண்ணாடித் தட்டுகள்; தட்டுகளிலே கிருமி வளர்வதற்கான கலவை. மண்ணெண்ணெய் விளக்கின் மங்கிய ஒளியிலே, இருமும் குழந்தையின் வாய்க்கு நேரே தட்டைப் பிடிப்பர். இருமலிலே தெறித்த துளிகள் தட்டிலே படியும். மூடி எடுத்து வருவர். சில நாட்களிலே தட்டிலே கிருமி வளர்ந்தால், நோய் கக்குவான்தான் என்பது உறுதி. டென்மார்க் நாட்டிலே தோன்றிய முறை அது. மிச்சிகன் தொழிலாளியின் வீட்டிலே அது மக்கள் முறையாயிற்று.

நோயைப் பற்றியும் வறுமையைப் பற்றியும் ஒரே நேரத்திலே பாடம் படித்தோம் என்னும் பொருளிலே எல்டரிங் பிற்காலத்திலே நினைவுகூர்ந்தார். ஆம்! மாளிகையிலே அமர்ந்து ஆராய்ந்தவர்கள் அல்லர் இவர்கள். நோய்வாய்ப்பட்ட குழந்தை இருந்தால் வீட்டின் கதவிலே எச்சரிக்கை அட்டை தொங்கும், வீட்டார் வெளியே நடமாடக் கூடாது, தந்தை வேலைக்குச் செல்ல முடியாது, வருவாய் நிற்கும். எத்தனை நாள் அப்படி அடைந்து கிடக்க வேண்டும்? அதற்கும் அதுவரை சரியான கணக்கு இல்லை. தட்டுகளை எண்ணி இவர்கள் கண்ட உண்மை ஒன்று: நோய் மிகுதியாகப் பரவுவது, வெறும் சளி என்று எல்லாரும் எண்ணிக்கொண்டிருக்கும் தொடக்க நாட்களிலேதான், இருமல் முற்றிப் பல வாரம் சென்றபின் குழந்தையிடமிருந்து பரவுவது அரிது. அச்சத்தின் பேரிலே போடப்பட்டிருந்த விதிகள் அறிவின் பேரிலே திருத்தப்பட வழி பிறந்தது.

தட்டுகளிலே வளர்ந்த கிருமிகளே தடுப்பூசிக்கு மூலப்பொருளாயின. கிருமியைத் தூய்மையாக வளர்த்து, மருந்திட்டுக் கொன்று, கலங்கல் அளவைக் கண்டு எத்தனை கோடிக் கிருமிகள் ஒரு துளியிலே உள்ளன என்று அளந்து, 1933ஆம் ஆண்டின் தொடக்கத்திலே தம் முதல் தடுப்பூசியை ஆக்கினர். அதை முதலிலே விலங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தனர். தீங்கு உண்டா என்றறியத் தம் உடலிலும் செலுத்திக்கொண்டனர். ஊரார் பிள்ளைக்கு ஊசி போடுமுன் தம் கையையே நீட்டினர். எந்த மடாதிபதி தாம் விற்கும் விபூதியை இப்படிச் சோதித்துப் பார்த்தார்?

* * *

இனி வருவதுதான் வரலாற்றின் உயிர்நாடி. ஊசி தயார், அது காக்கிறதா என்று எப்படி அறிவது? ஊசி போட்ட குழந்தைக்கு நோய் வரவில்லை என்றால் போதுமா? போதாது! அந்தக் குழந்தையின் தெருவிலே அந்த ஆண்டு நோயே வராமல் இருந்திருக்கலாம். முன்னரே ஒரு முறை நோய் வந்து தப்பியிருக்கலாம். ஊசி போடாவிட்டாலும் வராமல் இருந்திருக்கலாம். தாயத்தின் கணக்கிலே இருந்த அதே ஓட்டை இங்கேயும் இருக்கிறது. அதை அடைக்க ஒரே வழி, ஊசி போட்ட குழந்தைகளுக்கு ஈடாக, அதே வயது, அதே நகர், அதே வாழ்நிலை கொண்ட, ஊசி போடாத குழந்தைகளையும் வைத்து இரு சாராரையும் ஒரே கண்ணோடு கவனிப்பது.

அந்நாளிலே தடுப்பூசிச் சோதனைகளுக்கு அனாதை இல்லங்களே வழக்கமான களம். கேட்க நாதியற்ற குழந்தைகள். மறுக்க முடியாத குழந்தைகள். இவ்விருவரும் அந்தக் குறுக்கு வழியிலே செல்லவில்லை. தாய் தந்தையரோடு வாழும் குழந்தைகளிடம் சென்றனர், பெற்றோரிடம் விளக்கினர், விரும்பி வந்தவர்களுக்கு ஊசி போட்டனர். ஊசி பெறாத குழந்தைகளை நகரத்து நிவாரணத் துறைப் பட்டியலிலிருந்து தேர்ந்தனர். 1934ஆம் ஆண்டு மார்ச்சிலே களச் சோதனை தொடங்கிற்று. செவிலியர் வீடு வீடாகச் சென்று, யார் இருமினர், யார் நோயாளியோடு பழகினர், எந்தத் தட்டிலே கிருமி வளர்ந்தது என்று குறிப்பெடுத்தனர். ஊரிலுள்ள மருத்துவர்களும் தாய்மார்களும் பெண்கள் சங்கங்களும் துணை நின்றனர். ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சி ஊராரின் ஆராய்ச்சியாயிற்று.

முதற்கட்டக் கணக்கு வந்தது. ஊசி போட்ட குழந்தைகள் 712. அவர்களிலே நோய் கண்டோர் 4 பேர், அதுவும் இலேசாக. ஊசி போடாத குழந்தைகள் 880. அவர்களிலே நோய் கண்டோர் 45 பேர், அதுவும் முழுக் கொடுமையோடு. ஆயிரத்துக்கு ஆறு பேர்கூட இல்லை ஒருபுறம். ஆயிரத்துக்கு ஐம்பத்தொரு பேர் மறுபுறம்! நான்கு, நாற்பத்தைந்து: இந்த இரண்டு எண்களுக்கு முன்னே எத்தனை மந்திரம் நிற்கும்? எத்தனை நேர்த்திக்கடன் நிற்கும்?

இந்த எண்களைக் கண்டு அவர்கள் கூத்தாடவில்லை. அறிவுலகம் ஐயுற்றது, ஐயுறுவதே அறிவுலகின் இயல்பு. அதே காலத்திலே கிளீவ்லாந்து நகரிலே வேறோர் ஆராய்ச்சிக் குழு தாங்கள் பயன்படுத்திய தடுப்பூசியால் பயன் காணோம் என்று அறிவித்தது. கெண்ட்ரிக்கின் முடிவு மெய்யா, மயக்கமா? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக் கொள்ளைநோய் ஆய்வறிஞர் வேட் ஹாம்ப்டன் ஃபிராஸ்ட், 1936ஆம் ஆண்டிலே நேரிலேயே வந்து ஏடுகளைப் புரட்டினார். குறைகளைச் சுட்டினார். ஊசி போடாதவர்களைத் தேர்ந்த முறை இன்னும் செம்மையாக வேண்டும் என்றார். "எம்மை ஐயுறுகிறாயா?" என்று அப்பெண்கள் சினக்கவில்லை. சுட்டிய குறையைத் திருத்தினர், சோதனையை விரித்தனர், ஆயிரக்கணக்கான குழந்தைகளைச் சேர்த்தனர். ஐயத்தை நாத்திகம் என்று தள்ளுவது மதம். ஐயத்தை ஆசானாக ஏற்பது அறிவியல். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வேறு எந்த நூலிலே தேடவேண்டும்?

பணம் தீர்ந்தது. அந்நாளிலே அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட். 1936ஆம் ஆண்டிலே அவரை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தனர், வந்தார், கண்டார், வேலையற்றோருக்கு வேலை தரும் அரசுத் திட்டத்தின் வழியே உதவியாளர்கள் கிடைத்தனர். குழந்தையைக் காக்கும் ஆராய்ச்சியும் நடந்தது. வேலையிழந்தவருக்குச் சோறும் கிடைத்தது. திருத்திய முறையிலே விரிந்த சோதனையும் தடுப்பூசியின் ஆற்றலை உறுதிசெய்தது. 1940ஆம் ஆண்டு முதல் மிச்சிகன் மாநிலம் தடுப்பூசியைப் பரவலாக வழங்கிற்று. 1944ஆம் ஆண்டிலே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் எல்லாக் குழந்தைகளுக்கும் பரிந்துரைத்தது.

* * *

அதே 1944ஆம் ஆண்டிலே இருவர் மூவராயினர். லோனி கிளின்டன் கோர்டன் என்னும் கறுப்பினப் பெண் அந்த ஆய்வுக்கூடத்திலே சேர்ந்தார். வேதியியலும் மனையியலும் கற்றவர். உணவியல் வல்லுநராகப் பணி தேடினார். கிடைத்த விடை என்ன தெரியுமா? சமையலறையிலே வெள்ளைக்காரச் சமையற்காரர்கள் ஒரு கறுப்புப் பெண் இடும் கட்டளையை ஏற்கமாட்டார்கள் என்பது! தொட்டால் தீட்டு என்னும் நம் நாட்டு மடமைக்கு அக்காள் தங்கை அல்லவா அது! அடுப்பங்கரையிலே இடமில்லை என்று தள்ளப்பட்ட அந்தப் பெண்ணை கெண்ட்ரிக்கின் ஆய்வுக்கூடம் ஏற்றது. எண்ணற்ற தட்டுகளைச் சோதித்து, தடுப்பூசிக்கேற்ற வீரியமிக்க கிருமி வகையைக் கண்டறிவதிலே பெரும் பங்கு ஆற்றினார் அவர். நிறத்தைப் பார்த்து அந்தக் கதவும் மூடியிருந்தால் இழப்பு யாருக்கு? வெள்ளைக் குழந்தைக்கும்தானே! பிறப்பைக் காட்டி ஒருவரைத் தள்ளும் சமுதாயம், தன் தொட்டிலுக்குத் தானே குழி தோண்டுகிறது.

இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. ஓரிடத்திலே ஆக்கிய தடுப்பூசி காக்கிறது. வேறிடத்திலே ஆக்கியது காக்கவில்லை. கிளீவ்லாந்தின் புதிர் அதுதான். ஒவ்வொரு தொகுதி மருந்தின் ஆற்றலையும் குழந்தைக்குப் போடுமுன்னரே அறிவது எப்படி? மருந்தைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தி, பின்னர் அவற்றின் மூளையிலே உயிருள்ள கிருமியைச் செலுத்தி, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணும் முறையை இவர்கள் வகுத்து 1947ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். உலக நாடுகள் அதை அளவுகோலாக ஏற்றன. தொண்டை அடைப்பான், இரணஜன்னி ஆகியவற்றின் தடுப்பு மருந்துகளோடு கக்குவான் தடுப்பு மருந்தையும் ஒரே ஊசியிலே சேர்க்கும் பணியிலும் முன்னின்றனர். அதுதான் நம் ஊர்த் தாய்மார்கள் நன்கறிந்த முத்தடுப்பு ஊசி!

பலன்? 1934ஆம் ஆண்டிலே அமெரிக்காவிலே பதிவான கக்குவான் நோயாளிகள் 2,60,000க்கு மேல். 1976ஆம் ஆண்டிலே 1,010. கெண்ட்ரிக் 1980ஆம் ஆண்டிலே மறைந்தார். எல்டரிங் 1988ஆம் ஆண்டிலே. கோர்டன் 1999ஆம் ஆண்டிலே. மிச்சிகன் மாநிலம் பெண்களுக்கான தன் புகழ்மன்றத்திலே அவர்கள் பெயரைப் பொறித்தது. அவ்வளவுதான்! அந்த ஊசிக்கு அவர்கள் பெயரும் சூட்டப்படவில்லை. உலகக் குழந்தைகளின் மூச்சிலே அவர்கள் வாழ்கின்றனர். உலக மக்களின் நினைவிலே வாழவில்லை.

* * *

வெற்றிக் கதையோடு முடித்துவிடலாம். ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. நோய் மறைந்ததும் நோயின் நினைவும் மறைந்தது. நினைவு மறைந்த இடத்திலே அச்சம் புகுந்தது. இம்முறை அச்சம் நோயைப் பற்றி அன்று, ஊசியைப் பற்றி!

1974ஆம் ஆண்டிலே இலண்டன் மருத்துவர்கள் சிலர், ஊசிக்குப் பின் மூளைப் பாதிப்பு கண்டதாகச் சில பத்துக் குழந்தைகளைப் பற்றி எழுதினர். ஊசிக்குப் 'பின்' வந்தது என்றார்கள். ஊசி 'யால்' வந்தது என்று மக்கள் படித்தார்கள். செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் முழங்கின. பிரிட்டனிலே நூற்றுக்கு எண்பது அளவிலே இருந்த ஊசி போடும் விகிதம் முப்பது அளவுக்குச் சரிந்தது. 1977 முதல் 1979 வரை கக்குவான் பேயாட்டம் ஆடிற்று. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். ஜப்பானிலும் அதே கதை. ஊசி போட்ட இரு குழந்தைகள் இறந்ததை அடுத்து 1975ஆம் ஆண்டிலே ஊசி நிறுத்தப்பட்டது. பின்னர்த் தொடங்கியும் பெற்றோர் நம்பவில்லை. 1979ஆம் ஆண்டிலே 13,000க்கு மேற்பட்டோருக்கு நோய். 41 பேர் மரணம்.

உண்மை என்ன? பழைய ஊசியால் காய்ச்சல் வரும். ஊசி போட்ட இடம் வீங்கும். சில குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பும் வரும். இதை மறைப்பது பகுத்தறிவாளர் தொழில் அன்று. அந்தத் தொல்லைகளைக் குறைக்க, கிருமியை முழுமையாக அன்றி அதன் கூறுகளை மட்டும் கொண்டு ஆக்கும் புதிய ஊசியை ஜப்பான் 1981ஆம் ஆண்டிலே கொணர்ந்தது. அதற்கும் ஒரு குறை உண்டு; அது தரும் காப்பு விரைவிலே தேய்கிறது. ஆனால் நிலையான மூளைப் பாதிப்பு? 1988ஆம் ஆண்டிலே இலண்டன் நீதிமன்றம் நெடிய விசாரணைக்குப் பின், அதற்குச் சான்று போதாது எனத் தீர்த்தது. 2006ஆம் ஆண்டிலே ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள், ஊசியால் மூளை கெட்டதாகக் கருதப்பட்ட 14 பேரின் மரபணுக்களை ஆராய்ந்தனர். 11 பேரிடம், வலிப்பு நோயை உண்டாக்கும் மரபணுக் கோளாறு இருந்தது. கருவிலேயே எழுதப்பட்ட நோய். பழி சுமந்தது ஊசி! அந்தப் பழியை நீக்கியதும் ஊசியைத் துதித்தவர்களின் பேச்சு அன்று. மீண்டும் ஒரு முறை எண்ணிப் பார்த்தவர்களின் உழைப்பே.

கிருமி இன்னும் அழிந்துவிடவில்லை. 2010ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவிலே 9,000க்கு மேற்பட்டோருக்குக் கக்குவான் கண்டது. 10 பச்சிளங் குழந்தைகள் மாண்டனர். ஊசி போடும் வயதை எட்டாத சிசுவைக் காப்பதற்காகத்தான் இன்று பல நாடுகளிலே கருவுற்ற தாய்க்கே ஊசி போடுகின்றனர். தாய் பெறும் காப்பு, சேய்க்கும் செல்கிறது.

* * *

நம் நாட்டுக்கு வருவோம். இந்திய அரசு 1978ஆம் ஆண்டிலே தடுப்பூசித் திட்டத்தை விரிவாகத் தொடங்கிற்று. 1985ஆம் ஆண்டிலே அது அனைவருக்குமான திட்டமாயிற்று. குன்னூர் பாஸ்டர் நிலையம் முத்தடுப்பு மருந்தை ஆக்கி நாட்டுக்கு அளித்தது. 2011ஆம் ஆண்டு டிசம்பரிலே, ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசியை இந்தியாவிலே முதன்முதலாகத் தமிழ்நாடும் கேரளமும் ஏற்றன. ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம் என்று அந்த ஊசி இன்று நம் குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. புதன்கிழமைதோறும் கிராமச் சுகாதாரச் செவிலியர் பெட்டியைத் திறக்கும்போது, கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்து மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியிலே தொடங்கிய பணிதான் நம் ஊர்ச் சாவடியிலே தொடர்கிறது.

ஆயினும் 2017ஆம் ஆண்டிலே தட்டம்மை, ரூபெல்லா ஊசி தமிழகப் பள்ளிகளிலே போடப்பட்டபோது என்ன நடந்தது? கைப்பேசி வழியே வதந்தி பறந்தது. படித்த பெற்றோரும் அஞ்சினர். குறித்த நாளுக்குள் முடியாமல் இயக்கத்தின் காலத்தையே நீட்டிக்க நேர்ந்தது. அன்று தாயத்து விற்றவன் கோயில் வாசலிலே நின்றான். இன்று புரளி விற்பவன் நம் சட்டைப் பையிலே குடியிருக்கிறான்! அவன் இப்போது மந்திரம் ஓதுவதில்லை. மருத்துவச் சொற்களையே ஓதுகிறான். ஆனால் பழைய பூசாரியிடம் இல்லாத ஒன்று இவனிடமும் இல்லை: கணக்கு!

ஆகவே, இளைஞர்களே, நீங்கள் செய்யவேண்டியது ஒன்று உண்டு. உங்கள் தெருவிலே ஒரு தாய், "ஊசி போடலாமா? பயமாக இருக்கிறதே!" என்று கேட்டால், அவளை மூடநம்பிக்கைக்காரி என்று ஏசாதீர்கள். அவள் கேட்பது நல்ல கேள்வி. கெண்ட்ரிக்கும் எல்டரிங்கும் கேட்ட கேள்வி. அவளிடம் அமர்ந்து சொல்லுங்கள்: ஊசி போட்ட எழுநூற்றுப் பன்னிரண்டு பேரிலே நான்கு பேர், போடாத எண்ணூற்று எண்பது பேரிலே நாற்பத்தைந்து பேர். காய்ச்சல் வரலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு அவளோடு நீங்களும் எழுந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, புதன்கிழமை சுகாதார நிலையம் வரை உடன் நடந்து செல்லுங்கள்!